வாக்கிங் போயும் எல்டிஎல் ஏன் அசையவில்லை?

மூன்று மாதம் ஒழுங்காக நடந்துவிட்டு லேப் ரிப்போர்ட்டைக் கையில் வாங்குகிறவர் முதலில் தேடுவது கெட்ட கொலஸ்ட்ரால் என்று சொல்லப்படும் எல்டிஎல் எண்ணைத்தான். போன தடவை 142, இந்தத் தடவை 138. விடியற்காலைத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு, கால் வலியையும் பொருட்படுத்தாமல் நடந்ததற்கு வெறும் நாலு புள்ளியா என்று மனசு விட்டுப்போகும். சிலர் அதோடு நடையை நிறுத்திவிடுகிறார்கள். வேறு சிலர் நேர் எதிராகப் போகிறார்கள். இன்னும் வேகமாக ஓடினால் மாத்திரையே வேண்டாம் என்று தாங்களே முடிவு கட்டி, டாக்டரிடம் சொல்லாமலே நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு தரப்பும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். பயிற்சி கொலஸ்ட்ராலை மாற்றும் என்பது சரி. அது எந்த வரியை மாற்றும், எந்த வழியாக மாற்றும் என்பதை யாரும் அவர்களுக்கு விளக்கிச் சொல்வதில்லை.

எண்களை முதலிலேயே சொல்லிவிடலாம். எடை பெரிதாகக் குறையாமல் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு எல்டிஎல் சராசரியாகச் சில சதவீதமே இறங்குகிறது. பலருக்கு அதுவும் இல்லை. நல்ல கொலஸ்ட்ரால் என்று சொல்லப்படும் எச்டிஎல், டெசிலிட்டருக்கு இரண்டு மூன்று மில்லிகிராம் ஏறும். கண்ணுக்குத் தெரியும்படி இறங்குவது ரத்தத்தில் ஓடும் கொழுப்பான ட்ரைகிளிசரைடு. ஆரம்பத்தில் அது எவ்வளவு அதிகமோ, அந்த அளவுக்கு இறக்கமும் இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு எண்: ஸ்டாட்டின் மாத்திரை, வகையையும் அளவையும் பொறுத்து, எல்டிஎல்லை 30 முதல் 50 சதவீதம் வரையும் அதற்கு மேலும் இறக்கும்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? காரணம் எளிமையானது, ஆனால் பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். கொலஸ்ட்ரால் எரியாது.

கொழுப்பையும் கொலஸ்ட்ராலையும் ஒன்றாகவே பேசிப் பழகிவிட்டோம். உடம்பில் சேரும் கொழுப்பு ட்ரைகிளிசரைடு வடிவில் இருக்கிறது, அது எரிபொருள். தசை வேலை செய்யும்போது அது கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் மாறிப் போய்விடும். கொலஸ்ட்ரால் அந்தச் சாதி இல்லை. நான்கு வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிய கட்டமைப்பு அது. அந்த வளையங்களை உடைத்து ஆற்றல் எடுக்கும் என்சைம் நம் உடம்பில் கிடையாது. செல்லின் சவ்வு கட்ட, ஹார்மோன் தயாரிக்க, வைட்டமின் டி உண்டாக்க, பித்த அமிலம் செய்ய என்று அதற்கு வேலைகள் உண்டு. எரிபொருளாக மட்டும் அது பயன்படாது. மிஞ்சியது வெளியேறுவதற்கு ஏறக்குறைய ஒரே வழிதான்: கல்லீரல் அதைப் பித்தத்தோடு குடலுக்கு அனுப்பி, மலத்தோடு போகவேண்டும். அந்த வழியும் தாராளமானது இல்லை. குடலுக்கு வந்த பித்த அமிலங்களில் சுமார் 95 சதவீதத்தை உடம்பு திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே, டிரெட்மில்லில் 400 கலோரி எரித்ததாகத் திரையில் தெரிந்தால் அதில் கொலஸ்ட்ராலின் பங்கு ஒன்றுமே இல்லை. வியர்வையில் அது கரைந்து போவதும் இல்லை.

ரத்தத்தில் எல்டிஎல் எவ்வளவு இருக்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கல்லீரல். கல்லீரல் செல்களின் மேற்பரப்பில் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் இருக்கின்றன. மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் இதைக் கண்டுபிடித்து 1985இல் நோபல் பரிசு வாங்கினார்கள். ஏற்பிகள் நிறைய இருந்தால் ரத்தத்தில் எல்டிஎல் குறையும். குறைவாக இருந்தால் தேங்கும். ஸ்டாட்டின் கல்லீரலின் சொந்தக் கொலஸ்ட்ரால் தயாரிப்பைத் தடுக்கிறது. அப்போது கல்லீரல் தன் தேவைக்காகக் கூடுதல் ஏற்பிகளை வெளியே வைத்து ரத்தத்திலிருந்து இழுக்கிறது. உணவில் நிறைவுற்ற கொழுப்பு அதிகமானால் ஏற்பிகளின் வேலை மந்தமாகும். கரையும் நார்ச்சத்து பித்த அமிலத்தைப் பிடித்து வெளியே கொண்டுபோவதால், புதிதாகப் பித்தம் செய்யக் கல்லீரல் இன்னும் கொலஸ்ட்ராலை இழுத்தாக வேண்டும். மாத்திரை, உணவு இரண்டுமே இப்படி நேராக ஏற்பிகளைத் தொடுகின்றன. உடற்பயிற்சி அவற்றை அவ்வளவாகத் தொடுவதில்லை. அதன் வேலைத்தளம் வேறு, அது தசை.

கல்லீரல் ட்ரைகிளிசரைடை விஎல்டிஎல் என்ற துகள்களில் ஏற்றி ரத்தத்தில் அனுப்புகிறது. சரக்கு நிறைந்த லாரி மாதிரி இவை தசையின் நுண்குழாய்கள் வழியாகப் போகும்போது, குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் லிப்போபுரோட்டீன் லைபேஸ் என்ற என்சைம் சரக்கை வெட்டி இறக்கி, கொழுப்பு அமிலங்களாகத் தசைக்குள் அனுப்புகிறது. வேலை செய்த தசையில் இந்த என்சைம் கூடுகிறது. சும்மா இருக்கும் தசையில் குறைந்துவிடுகிறது. மணிக்கணக்காக உட்கார்ந்தே இருப்பது தனியாக ஒரு கெடுதல் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதில் கவனிக்கவேண்டியது நேரம். நடந்து முடித்த உடனே இந்த என்சைம் உச்சத்துக்குப் போவதில்லை. சில மணி நேரம் கழித்துத்தான் ஏறுகிறது. பலன் மறுநாள் வரை நீள்கிறது. முந்தின நாள் மாலை நன்றாக நடந்தவருக்கு, மறுநாள் கொழுப்பு மிகுந்த சாப்பாட்டுக்குப் பிறகு ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு ஏறும் ஏற்றம் குறைவாக இருக்கும். இது பரிசோதனையில் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்ட விஷயம். ஆனால் இரண்டு மூன்று நாள் சும்மா இருந்தால் அந்தப் பலன் பெரும்பாலும் கரைந்துவிடும். பல வருஷம் ஓடியவருக்கும் இதே கதிதான். ஆகையால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் மூச்சு வாங்க ஓடுவதைவிட, ஒருநாள் விட்டு ஒருநாளாவது மிதமாகச் செய்வது ட்ரைகிளிசரைடுக்கு நல்லது. எடை, உடல் வலு போன்றவற்றுக்கு இந்தக் கணக்கு இவ்வளவு கறாராக இருக்காது.

சரி, ட்ரைகிளிசரைடு குறைந்தால் கொலஸ்ட்ராலுக்கு என்ன ஆகிறது? இங்கேதான் எச்டிஎல் கதை வருகிறது. எல்டிஎல்லும் எச்டிஎல்லும்கூட விஎல்டிஎல் மாதிரி ரத்தத்தில் ஓடும் துகள்கள்தான், கொலஸ்ட்ராலைச் சுமப்பவை. ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு அதிகமாக இருக்கும்போது, துகள்களுக்குள் ஒரு பண்டமாற்று நடக்கும். விஎல்டிஎல் தன் ட்ரைகிளிசரைடைக் கொடுத்து, எச்டிஎல்லிடமும் எல்டிஎல்லிடமும் கொலஸ்ட்ராலை வாங்கிக்கொள்ளும். அப்படி ட்ரைகிளிசரைடு ஏறிய எச்டிஎல் சுருங்கிச் சீக்கிரம் ரத்தத்தை விட்டு நீங்கிவிடும். எல்டிஎல் சின்னதாகவும் அடர்த்தியாகவும் மாறும். ட்ரைகிளிசரைடு அதிகமாக இருப்பவருக்கு எச்டிஎல் குறைவாக இருப்பது தற்செயல் இல்லை. பயிற்சியால் ட்ரைகிளிசரைடு இறங்கினால் இந்தப் பண்டமாற்றும் தணியும். எச்டிஎல் கொஞ்சம் நிலைக்கும். எல்டிஎல் துகள்களின் அளவு மாறும்.

இதை நேரடியாகக் காட்டிய ஆய்வு ஒன்று அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் நடந்து 2002இல் வெளியானது. எடை அதிகமான, உடல் உழைப்பில்லாத 111 பேரைப் பிரித்து, ஒரு குழுவை வாரம் சுமார் 32 கிலோமீட்டர் ஜாகிங்குக்கு இணையான பயிற்சி செய்யவைத்தார்கள். இன்னொரு குழுவுக்கு 19 கிலோமீட்டர் ஜாகிங். மூன்றாவதற்கு அதே 19 கிலோமீட்டர், ஆனால் நடை. ஒரு குழு எதுவும் செய்யவில்லை. பயிற்சிக் குழுக்களுக்குச் சுமார் எட்டு மாதம். எடை பெரிதாக மாறாதபடி பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் மொத்த எல்டிஎல் எண்ணில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றமில்லை. ஆனால் அதற்குள்ளே சின்ன, அடர்த்தியான எல்டிஎல் குறைந்திருந்தது. துகள்களின் சராசரி அளவு பெரிதாகியிருந்தது. அதிகம் மாறியவர்கள் அதிக தூரம் ஓடியவர்கள். குறைந்த தூரத்தை வேகமாகக் கடந்தாலும் மெதுவாகக் கடந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. சாதாரண லிப்பிட் டெஸ்ட், அதாவது ரத்தக் கொழுப்புப் பரிசோதனை, இந்த மாற்றத்தைப் பார்ப்பதே இல்லை. பாவம், எட்டு மாதம் நடந்தவர் ரிப்போர்ட்டைப் பார்த்தால் ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் நினைப்பார்.

இதைவிட வேடிக்கை ஒன்று இருக்கிறது. பல லேப்களில் எல்டிஎல்லை நேராக அளப்பதே இல்லை. கணக்குப் போட்டுச் சொல்கிறார்கள். 1972இல் ஃப்ரீடவால்ட் குழுவினர் வெளியிட்ட சூத்திரம் அது. மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்டிஎல்லைக் கழி. ட்ரைகிளிசரைடை ஐந்தால் வகுத்து அதையும் கழி. மிஞ்சுவது எல்டிஎல். ட்ரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது.

ஒரு கற்பனை ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 220, எச்டிஎல் 40, ட்ரைகிளிசரைடு 250. ஐந்தால் வகுத்தால் 50. ஆக எல்டிஎல் 130. இவர் சில மாதம் நடந்து, தொப்பையையும் கொஞ்சம் இறக்கியிருக்கிறார். புதிய ரிப்போர்ட்டில் மொத்தம் 205, எச்டிஎல் 43, ட்ரைகிளிசரைடு 150. இப்போது கழிக்கவேண்டியது 43உம் 30உம். எல்டிஎல் 132. அதாவது, கெட்ட கொலஸ்ட்ரால் ‘ஏறியிருக்கிறது’! மனுஷன் நொந்துபோகமாட்டாரா? அவர் பார்க்கவேண்டிய வரி வேறு. மொத்தத்திலிருந்து எச்டிஎல்லை மட்டும் கழித்தால் வருவதற்கு நான்-எச்டிஎல் என்று பேர். முன்பு அது 180, இப்போது 162. ரத்தக் குழாய்ச் சுவரில் போய்ப் படியக்கூடிய எல்லாத் துகள்களிலும் இருக்கும் கொலஸ்ட்ராலின் கூட்டு அது. பதினெட்டு புள்ளி இறங்கியிருக்கிறது. பல ரிப்போர்ட்களில் இந்த எண் அச்சாகியே வருகிறது. இல்லாவிட்டாலும் ஒரு கழித்தல்தானே, நாமே போட்டுக்கொள்ளலாம். பயிற்சியின் பலனைப் பார்க்க நினைப்பவர் ட்ரைகிளிசரைடையும் நான்-எச்டிஎல்லையும் பார்ப்பதே சரி என்பது என் கருத்து.

எச்டிஎல் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. அதை ஏற்றுவதே குறிக்கோள் என்று பலர் பேசுகிறார்கள். எச்டிஎல் அதிகம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு குறைவு என்பது மக்கள்தொகை ஆய்வுகளில் தெரிந்த விஷயம்தான். அதை நம்பி, எச்டிஎல்லைக் கணிசமாக உயர்த்தும் டார்செட்ராபிப் என்ற மருந்தைச் செய்தார்கள். எண் அமோகமாக ஏறியது. ஆனால் அந்த மருந்து எடுத்தவர்களில் அதிகம் பேர் இறந்ததால் 2006இல் சோதனையையே நிறுத்தவேண்டி வந்தது. எச்டிஎல் எண்ணை மட்டும் தூக்கிவிட்டால் இதயம் பிழைக்கும் என்ற கணக்கு அதோடு ஆட்டம் கண்டது. ஆகவே எச்டிஎல் 38லிருந்து 41 ஆனதற்காகக் கொண்டாடவும் வேண்டாம், அசையாததற்காக வருந்தவும் வேண்டாம்.

அப்படியென்றால் பயிற்சி இதயத்தைக் காப்பாற்றுகிறது என்பது எப்படி? லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் இதற்கான முதல் தடயத்தை மாடி பஸ்களில் கண்டுபிடித்தார். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்கப் படியேறி இறங்கிக்கொண்டே இருப்பார். ஒரே நிறுவனம், ஒரே மாதிரி சம்பளக்காரர்கள். ஆனால் கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவு, வந்தாலும் அவ்வளவு கடுமையாக இல்லை. 1953இல் ‘லான்செட்’ இதழில் இது வந்தது. மோரிஸ் நேர்மையான ஆள். டிரைவர்கள் வேலைக்குச் சேரும்போதே பருமனாக இருந்தார்களோ என்ற சந்தேகத்தில் சீருடைக் கால்சட்டைகளின் இடுப்பளவைத் தேடிப் போனார். அவர்களின் இடுப்பு உண்மையிலேயே பெரிதாக இருந்தது என்று 1956இல் தானே எழுதினார். ஆனால் அந்த வித்தியாசம் மட்டுமே முழுக் காரணம் இல்லை என்பது பிற்பாடு வந்த ஆய்வுகளில் தெளிவானது.

2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. 27 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து, சுறுசுறுப்பாக இருப்பவர்களுக்கு இதய நோய் குறைவதில் எந்தெந்தக் காரணிக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துப் பார்த்தார்கள். அழற்சியையும் ரத்தம் உறைவதையும் காட்டும் அளவுகளுக்குச் சுமார் 33 சதவீதம், ரத்த அழுத்தத்துக்கு 27 சதவீதம். வழக்கமான கொலஸ்ட்ரால் அளவுகளுக்கு 19 சதவீதம்தான். லிப்பிட் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு நடைக்கு மார்க் போடுவது ஏன் சரிவராது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டாம். நடப்பதால் கிடைக்கும் லாபத்தில் பெரும்பகுதி அந்தக் காகிதத்தில் அச்சாவதே இல்லை.

இனி, எவ்வளவு செய்யவேண்டும் என்ற கேள்வி. உலக சுகாதார நிறுவனம் 2020இல் பெரியவர்களுக்குச் சொன்ன கணக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான பயிற்சி. அதோடு இரண்டு நாளாவது தசைக்கு வலு சேர்க்கும் பயிற்சி. மிதமானது என்றால் என்ன என்பதற்குக் கருவி ஏதும் வேண்டாம். பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது, அந்த வேகம். எச்டிஎல்லைப் பொறுத்தவரை, 2007இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 25 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில் வாரம் 120 நிமிடத்துக்குக் கீழே போனால் அசைவு தெரிவதில்லை. அதைத் தாண்டியபின், ஒவ்வொரு தடவையும் செய்யும் நேரத்தை நீட்டியவர்களுக்கே பலன் கூடியது; வேகத்தைக் கூட்டியவர்களுக்கு அப்படித் தெரியவில்லை. முட்டி ஒத்துழைக்காதவர்கள் இதைக் கேட்டுச் சந்தோஷப்படலாம். ஓடுவதற்குச் செலவாகும் அதே ஆற்றலை நடந்தே செலவழித்தால் கொலஸ்ட்ரால் விஷயத்தில் பெரிதாக ஒன்றும் இழப்பதில்லை. நேரம் மட்டும் கூடுதலாகப் பிடிக்கும்.

எடைப் பயிற்சியை இங்கே ஒதுக்கிவிடவேண்டாம். தசை கூடினால் சர்க்கரையையும் கொழுப்பையும் வாங்கிக்கொள்ளும் இடமும் கூடுகிறது. லிப்பிட் எண்களில் அதன் பலன் சின்னதுதான்.

தொப்பை பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். வயிற்றுக்குள், உறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்பிலிருந்து கொழுப்பு அமிலங்கள் நேராகக் கல்லீரலுக்குப் போகும். கல்லீரல் அவற்றை விஎல்டிஎல்லாகக் கட்டித் திருப்பி அனுப்பும். பயிற்சி செய்யும்போது எடை எந்திரத்தில் முள் நகராவிட்டாலும் முதலில் குறைவது பல நேரம் இந்தக் கொழுப்புதான். பெல்ட்டில் ஒரு ஓட்டை உள்ளே போவதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். எடையும் சேர்ந்து குறைந்தால் எல்டிஎல்லும் இறங்கும், ஆனால் கிலோவுக்கு ஒரு புள்ளிக்கும் குறைவாகத்தான். இன்னொன்று: எடை வேகமாக இறங்கிக்கொண்டிருக்கும் மாதங்களில் எச்டிஎல் கொஞ்சம் குறைந்து காட்டும். எடை ஒரு நிலைக்கு வந்தபின் அது திரும்ப ஏறும். நடுவில் டெஸ்ட் எடுத்துப் பதறவேண்டாம்.

உணவை விட்டுவிட்டுப் பயிற்சியையும், பயிற்சியை விட்டுவிட்டு உணவையும் பேசுவது பழக்கமாகிவிட்டது. ஸ்டான்ஃபோர்டில் நடந்து 1998இல் வெளியான ஆய்வில், எல்டிஎல் அதிகமும் எச்டிஎல் குறைவும் உள்ள ஆண்களையும் மாதவிடாய் நின்ற பெண்களையும் எடுத்துக்கொண்டார்கள். கொழுப்பு குறைந்த உணவு மட்டும் சாப்பிட்டவர்களுக்கு, எதுவும் மாற்றாதவர்களோடு ஒப்பிட்டால், எல்டிஎல் பெரிதாக இறங்கவில்லை. பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கும் அப்படியே. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு மட்டும் தெளிவாக இறங்கியது.

அப்புறம் மாத்திரை. பிறவியிலேயே எல்டிஎல் ஏற்பிகளில் கோளாறு உள்ளவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். சுமார் 250 பேரில் ஒருவர் என்று கணிக்கிறார்கள். எல்டிஎல் 190க்கு மேலே நின்று, வீட்டில் யாருக்காவது இள வயதில் மாரடைப்பு வந்திருந்தால் இந்தச் சந்தேகம் வரவேண்டும். இவர்கள் எவ்வளவு ஓடினாலும் ஏற்பி புதிதாக முளைக்கப்போவதில்லை. ஜிம் ஃபிக்ஸ் என்பவர் 1970களில் அமெரிக்கர்களை ஓடவைத்த பெரும் பிரசாரகர். 1984இல் ஓடப் போன இடத்திலேயே மாரடைப்பில் இறந்தார். வயது 52. பிரேதப் பரிசோதனையில் இதய நாளங்கள் மோசமாக அடைபட்டிருந்தன. அவருடைய அப்பாவுக்கு 35 வயதில் முதல் மாரடைப்பு, 43இல் இறந்துபோனார். ஓட்டம்தான் ஃபிக்ஸைக் கொன்றது என்று அப்போது கேலி பேசியவர்கள் உண்டு. புகையும் அதிக எடையுமாக இருந்து, முப்பதுகளில்தான் ஓட ஆரம்பித்தவர் அவர். அப்பாவைவிட ஒன்பது வருஷம் கூடுதலாக வாழ்ந்தார் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும். ஆனால் குடும்ப வரலாற்றை ஓட்டத்தால் அழித்துவிட முடியாது என்பதற்கு அவர் உதாரணம்தான்.

மாத்திரையா பயிற்சியா என்று போட்டி வைப்பதும் வீண். கொலஸ்ட்ரால் கோளாறு உள்ள சுமார் 10 ஆயிரம் முன்னாள் அமெரிக்கப் படைவீரர்களைப் பற்றி 2013இல் வெளியான ஆய்வில், ஸ்டாட்டின் எடுத்து, உடல் தகுதியும் நன்றாக இருந்தவர்களிடம் மரணம் மிகக் குறைவு. இரண்டும் இல்லாதவர்கள் கடைசி.

ஸ்டாட்டின் எடுப்பவர் புதிதாகப் பயிற்சி தொடங்கும்போது ஒரு குழப்பம் வருவதுண்டு. தொடை வலிக்கிறது, மாத்திரையாலா, நேற்று போட்ட ஸ்குவாட்டாலா? பயிற்சி வலி பொதுவாக வேலை கொடுத்த தசையில் மட்டும் வரும், இரண்டு மூன்று நாளில் அடங்கும். மாத்திரையால் வரும் வலி பெரும்பாலும் இரண்டு பக்கமும் தொடை, இடுப்பு, கெண்டைக்கால் என்று பரவி, ஓய்வெடுத்தாலும் விடாமல் நிற்கும். சிறுநீர் கறுத்துப் போனாலோ தசை பலவீனமானாலோ அன்றைக்கே டாக்டரைப் பார்க்கவேண்டும். சாதாரண வலி என்றாலும் மாத்திரையைத் தானாக நிறுத்தாமல் கேட்டுவிட்டுச் செய்யலாம். அளவைக் குறைக்கவும் வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றவும் வழி இருக்கிறது. நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மீறிய மூச்சுத்திணறல் வந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அது கொலஸ்ட்ரால் கணக்குப் பார்க்கிற நேரம் இல்லை.

டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுக்கிற நாளைப் பற்றியும் இரண்டு வார்த்தை. முந்தின நாளோ அதற்கு முந்தின நாளோ வழக்கமில்லாத கடும் பயிற்சி செய்திருந்தால் ட்ரைகிளிசரைடு தற்காலிகமாகக் குறைந்து காட்டும். தசை என்சைமான சிபிகே மட்டுமல்ல, கல்லீரல் டெஸ்ட்டில் வரும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடியும்கூட ஏறியிருக்கலாம். கல்லீரல் கெட்டுவிட்டது என்று வீடே கலங்கும். அன்றாட நடை பரவாயில்லை. புதிதாக ஜிம்மில் சேர்ந்த வாரத்தில் டெஸ்ட் வேண்டாம். எந்த மாற்றமும் செய்யாவிட்டாலும் ஒரே ஆளுக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் ஒரு தடவைக்கும் இன்னொரு தடவைக்கும் 5 முதல் 10 சதவீதம் வரை ஏறி இறங்குவது சகஜம். ஒப்பிட்டுப் பார்ப்பதென்றால் அதே லேப், அதே மாதிரி வெறும் வயிறு, குறைந்தது மூன்று மாத இடைவெளி. 142க்கும் 138க்கும் உள்ள நாலு புள்ளி வித்தியாசம் இந்த ஆட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடும்.